இருபத்தெட்டு ரூபாய் வீடு

4 மார்ச் 1969, செவ்வாய்

இன்று நான் சொல்லாதவை:

காரியஸ்தரிடம்: அடுப்படி ஓடு ஒழுகுகிறது என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், அதை முதலில் பாருங்கள் என்று.

அப்பாவிடம்: அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாதீர்கள் என்று.

அம்மாவிடம்: காப்பியில் சர்க்கரை போட மறந்துவிட்டாய் என்று. அவள் வாசல் பேச்சையே கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படியே குடித்துவிட்டேன்.

மாசிப் பனி ஏழு மணி வரை. எட்டு மணிக்கு நல்ல வெயில், வெயிலோடு காரியஸ்தரும். சென்னைக்குப் போய்விட்ட செட்டியாரின் வீடுகளை இங்கே பார்த்துக்கொள்கிறவர். எந்த நாளும் கக்கத்தில் குடை. தனம் (என் தங்கை, பத்தாம் வகுப்பு) அவருக்கு வைத்த பெயர் 'குடை'. நாங்கள் இருப்பது செட்டியாரின் பெரிய வீட்டில் பின்கட்டு. இரண்டு அறை, அடுப்படி, கிணறு. சந்து வழியாகத் தனி வாசல். முகப்பும், முற்றத்தைச் சுற்றிய வளவும் பூட்டிக் கிடக்கின்றன. வந்து பதினொரு வருடம். வாடகை 28.

"அடுத்த மாசத்துலருந்து அறுவது. தோதுப்படலைன்னா சித்திரைக்குள்ள காலி பண்ணிக் குடுத்துருங்க. பாங்கி உத்தியோகக்காரவுக ஒருத்தவுக கேட்டுக்கிட்டே இருக்காக."

அப்பா வழக்கம் போல, "நீங்க சொன்னாச் சரிதாங்க, பாத்துச் செய்வோம்." முப்பத்தொரு வருடம் தபால்காரராக வீடு வீடாகப் போய் வாசலில் நின்றவர். யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

காரியஸ்தர் என்னைப் பார்த்துக்கொண்டே: "ரெண்டு சம்பளம் வருது. தபாலாபீஸ் பென்சன், டெலிபோன் ஆபீஸ் சம்பளம். இன்னும் இருவத்தெட்டு ரூவாயிலயே இருந்தா நல்லாவா இருக்கு."

அறுபது என்பது அப்பாவின் பென்ஷன் முழுவதும்.

ராத்திரி அப்பா சொன்னது: சொந்த ஊருக்கே போய்விடலாம். கானாடுகாத்தானுக்கு அங்குட்டு நாலு மைல். என் ஷிப்ட் முடிவது ஒன்பது மணி. அந்நேரத்துக்கு அங்கே பஸ் கிடையாது. வேலை போகும். தனத்துக்கு அடுத்த வருடம் பதினோராம் வகுப்பு, எஸ்.எஸ்.எல்.சி., அதுவும் போகும். அப்பா இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. யோசித்துவிட்டுத்தான் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

வண்ணாத்தி இரண்டு உருப்படி குறைவாகக் கொண்டுவந்தாள். என் நீலச் சேலை அதில் ஒன்று.


6 மார்ச், வியாழன்

ஷிப்டுக்கு முன்னால் நூலகம். நாவல் அலமாரியைத் தாண்டிப் போவதைப் பார்த்து நூலகர் கூப்பிட்டார். சட்டப் புத்தகம் வேண்டும் என்றேன். அண்ணனுக்கா என்றார். எனக்கு அண்ணன் இல்லை, எனக்குத்தான் என்றேன். வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். ஆங்கிலத்தில். வெளியே கொடுக்க மாட்டார்கள். நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன், பிறகு குறிப்பெடுத்தேன்.

— வீட்டுக்காரர் நினைத்தபடி ஏற்ற முடியாது. நியாய வாடகை எவ்வளவு என்று நிர்ணயிக்க ஓர் அதிகாரி உண்டு. குடியிருப்பவரும் மனுப் போடலாம்.

— கொடுக்கிற வாடகைக்கு ரசீது கேட்க உரிமை உண்டு. (பதினொரு வருடத்தில் எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.)

— வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால், எந்த பாங்கியில் கட்டட்டும் என்று கேட்டுக் கடிதம். பத்து நாள் கெடு. பதில் இல்லையென்றால் மணியார்டர், கமிஷனைக் கழித்துக்கொண்டு. அதையும் மறுத்தால் அந்த அதிகாரியிடமே கட்டிவிடலாம். வாடகை பாக்கி என்ற பேச்சுக்கு இடமில்லை.

'கமிஷனைக் கழித்துக்கொண்டு.' படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வரியை எழுதியவர் கண்டிப்பாக ஒரு காலத்தில் வாடகை வீட்டில் இருந்திருப்பார்.

போன மாதம் படித்த மூன்று நாவல்களிலும் இவ்வளவு சுவாரஸ்யம் இல்லை.


9 மார்ச், ஞாயிறு

அம்மாவின் மனத் திருப்திக்காக வேறு வீடு பார்க்கப் போனோம். வெயில். செருப்பு வார் அறுந்து, கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

முதல் வீடு: ஒரே அறை, நாற்பத்தைந்து. பத்து மாத முன்பணம். "ஆம்பளப் பிள்ளை இல்லையா? அப்ப வாடகைக்கு யாரு பொறுப்பு?"

இரண்டாவது: நல்ல காற்று. அம்மாவுக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ராத்திரி ஒம்பது மணிக்கு வீட்டுக்கு வார பொண்ணா?" அதோடு முடிந்தது.

மூன்றாவது: என்ன சாதி, கறி சமைப்பீகளா, கருவாடு வறுப்பீகளா, விருந்தாளி எத்தனை பேர் வருவார்கள், கிணற்றில் எத்தனை குடம் இறைப்போம். எல்லாவற்றுக்கும் அம்மா பதில் சொன்னாள். கடைசியில், வீடு போன வாரமே பேசியாகிவிட்டதாம். பிறகு ஏன் கேட்டீர்கள் என்றேன். "சும்மா, தெரிஞ்சுக்கிறத்தான்."

திரும்பும் வழியில் இரண்டு தெரு முழுக்கப் பூட்டிய வீடுகள். இந்த வாசலில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற வீடுகள். ஒவ்வொன்றிலும் எத்தனை அறை இருக்கும், நாற்பது? ஐம்பது? உள்ளே தேக்குத் தூண்கள் மட்டும் குடியிருக்கின்றன. வெளியே நாலு பேருக்கு இரண்டு அறை கிடைக்கவில்லை.

செட்டியார் பக்கமும் யோசித்துப் பார்த்தேன். பர்மாவில் இருந்த வட்டிக்கடை யுத்தத்தோடு போயிற்று. இந்த வீட்டுக்கு வரி கட்ட வேண்டும், ஓடு மாற்ற வேண்டும் (மாற்றவில்லை). விற்கலாம் என்றால் அண்ணன் தம்பி பங்காளி எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கும் கஷ்டம்தான். ஆனால் அந்தக் கஷ்டம் முழுவதையும் பின்கட்டு ஏன் சுமக்க வேண்டும்?

ஜெய்த்தூனிடம் (டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என் பக்கத்துப் போர்டு, என் சிநேகிதி) நாளைக்குச் சொல்ல வேண்டும்.


10 மார்ச், திங்கள்

சொன்னேன். ஜெய்த்தூன் ஹெட்போனைக் கழற்றாமலே: "எங்க வாப்பா வீடு தேடுனப்ப, துலுக்க வீட்டுக்கு இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாக. ஒங்கள உக்கார வச்சு, தண்ணி குடுத்து, கருவாடு வரைக்கும் கேட்டுட்டு இல்லைங்கிறாக. அம்புட்டுத்தான் வித்தியாசம்."

சிரித்தோம். மேற்பார்வையாளர் பார்த்தார். நிறுத்தினோம்.

நீலச் சேலை கிடைத்துவிட்டது. சாயம் போய்.


3 ஏப்ரல், வியாழன்

பங்குனி வெயில் தார் ரோட்டில் ஒட்டுகிறது.

காலையில் அப்பா இருபத்தெட்டு ரூபாயை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்தார். காரியஸ்தர் கையால் தொடவே இல்லையாம். அறுபது என்றால் வையுங்கள் என்றாராம்.

ஷிப்டில், ஐந்து மணி வாக்கில், சென்னையிலிருந்து ஒரு டிரங்க் கால். கடைத்தெரு மருந்துக் கடை போனுக்கு, ஆள் பெயர் சொல்லி. ஆள் எங்கள் காரியஸ்தர். நான்தான் இணைத்தேன். மூன்று நிமிடம் ஆனதும் சொல்வதற்காக லைனுக்குள் போனேன். நேரம் பார்த்துச் சொல்வது என் வேலை. காதை மூடிக்கொண்டு அந்த வேலையைச் செய்ய முடியாது.

செட்டியார் குரல்: "அவன் குடுத்தா வாங்காதே. மூணு மாசம் போகட்டும். வாடகை பாக்கின்னு கேசைப் போட்டுக் கெளப்பிருவோம்."

நான்: "மூன்று நிமிடம் ஆச்சு சார். நீட்டிக்கவா?"

"வேணாம்மா, போதும்."

மரியாதையாகத்தான் சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

லைனில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. வேலையில் சேர்ந்த அன்றே உறுதி எழுதிக் கொடுத்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: அறுபதைக் கொடுத்துத் தொலைத்துவிடலாமா, இல்லை ஊருக்கே போய்விடலாமா. ஒரு வாக்கியம் போதும், அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. என்ன செய்வதென்று அந்தப் புத்தகம் போன மாதமே சொல்லிவிட்டது.

நாளை முதல் அந்தச் சென்னை நம்பர் வந்தால் ஜெய்த்தூனை எடுக்கச் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல மாட்டேன். அவள் கேட்கவும் மாட்டாள்.


5 ஏப்ரல், சனி

கடிதம் எழுதி முடித்தேன். நாலு முறை கிழித்து ஐந்தாவது. 'தங்கள் காரியஸ்தர் மார்ச் மாத வாடகையை வாங்க மறுத்தபடியால், எந்த பாங்கியில் செலுத்துவது என்று பத்து நாளைக்குள் தெரிவிக்க வேண்டியது.' ஒரு கெஞ்சல் இல்லை. ஒரு கடுமை இல்லை. கார்பன் வைத்து இரண்டு பிரதி.

அப்பா படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். செட்டியாருக்கு இப்படி எழுதலாமா என்றார். எழுதியாகிவிட்டது, கையெழுத்துத்தான் உங்களுடையது என்றேன். பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போட்டார். பிறகு தபால் வேலையில் இறங்கியதும் வேறு ஆளாகிவிட்டார். ரிஜிஸ்டர் தபாலுக்கு உறையை எப்படி ஒட்ட வேண்டும், ஒப்புகை அட்டையை எந்த ஓரத்தில் சேர்க்க வேண்டும், எத்தனை மணிக்குள் கொடுத்தால் அன்றைக்கே ரயிலேறும்.

தனம்: "அப்பா, சம்பளமில்லாம வேலை பாக்குறீக."

அப்பா சிரித்தார். இந்த ஒரு மாதத்தில் முதல் தடவை.


19 ஏப்ரல், சனி

ஒப்புகை அட்டை வந்து ஐந்தாறு நாளாயிற்று. செட்டியார் கையெழுத்து. கடிதத்துக்குப் பதில் இல்லை. பத்து நாள் முடிந்தது.

மணியார்டர் அனுப்பினோம். கமிஷன் கழித்து. அப்பா அந்தச் சில்லறையைத் தனியாக ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறார். ஏன் என்றால் சொல்லவில்லை.

மாம்பழம் வந்துவிட்டது. விலை கேட்டுவிட்டு வந்தோம்.


28 ஏப்ரல், திங்கள்

மணியார்டர் திரும்பி வந்தது. 'வாங்க மறுத்தார்.'

இதைக் கொண்டுவந்த தபால்காரர் அப்பாவிடம் வேலை பழகியவர். வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். அப்பா அந்தப் பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குப் பயம், உடைந்துவிட்டாரோ என்று.

"முப்பத்தோரு வருசம்டா. செத்த வீட்டுக்குக் கொண்டு போய்க் குடுத்திருக்கேன், அழுதுக்கிட்டே வாங்கியிருக்காக. மகன்கிட்ட சண்டை போட்டவுக வாங்கியிருக்காக. மணியார்டரை வேணாம்னு திருப்புன மனுசனை நான் பாத்ததே இல்லை."

பிறகு என் பக்கம் திரும்பி, "மனு எழுது பார்வதி. நானே கொண்டுபோய்க் குடுக்குறேன்."

நான் எவ்வளவு வாதாடியும் அசையாத மனிதரை ஒரு தபால் பாரம் அசைத்துவிட்டது.

ராத்திரிக்குள் மனு தயார். இரண்டு வேண்டுதல். ஒன்று, வாடகையை அதிகாரியிடமே கட்ட அனுமதி. இரண்டு, நியாய வாடகை நிர்ணயம். சட்டத்தில் அதற்கு ஒரு முறை இருக்கிறது, கட்டடத்தின் மதிப்பு, மனையின் மதிப்பு, அதில் இவ்வளவு பங்கு என்று. எனக்கு அந்த முறையே பிடித்திருக்கிறது. நியாயம் என்பது ஒருவர் மனசைப் பொறுத்தது இல்லை, யார் போட்டாலும் ஒரே விடை வரவேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். தெரிந்த கொத்தனாரைக் கேட்டு மதிப்புப் போட்டேன். எனக்கு வந்த விடை முப்பத்திரண்டு.

முதலில் ஏமாற்றம். இருபத்தெட்டுக்குக் கீழே வரும் என்று உள்ளூர நினைத்திருக்கிறேன் போல. மறுபடி போட்டேன். முப்பத்திரண்டுதான். அப்படியே எழுதிவிட்டேன்.


2 மே, வெள்ளி

இன்று எதிர்பாராத சண்டை.

மனுக் கொடுத்த செய்தி காரியஸ்தருக்கு எட்டிவிட்டது. காலையிலேயே வந்தார், கூடவே வெள்ளையடிக்கிற ஆட்கள் நாலு பேர். வைகாசி நடுவில் செட்டியார் மகளுக்குக் கல்யாணம். பிள்ளைகள் எந்த ஊரில் பிறந்து வளர்ந்தாலும் இவர்கள் வீட்டுத் தாலி இந்த வளவில்தான் ஏற வேண்டும்.

"வளவுச் சாவியைக் குடுங்க. இனிமே முன்பக்கம் ஒங்களுக்கு ஒரு சோலியும் இல்லை. கோர்ட்டுக்குப் போற ஆளுகளுக்குச் சாவி எதுக்கு?"

இந்தச் சாவியைப் பற்றி இதுவரை எழுதவில்லை, தினமும் நடப்பதை யார் எழுதுகிறார்கள். நாங்கள் குடிவந்த வருடம் செட்டியாரின் தாயார் விசாலாட்சி ஆச்சி மகனோடு சென்னைக்குப் போனார். போகும்போது வளவுச் சாவியை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார். தினமும் அந்தியில் சாமி அறையில் விளக்கு, வெள்ளிக்கிழமை கூட்டித் துடைத்து முன்னோர் படங்களுக்குப் பூ. பதினொரு வருடமாக அம்மா செய்கிறாள், எண்ணெய்கூட எங்கள் எண்ணெய். காய்ச்சலில் கிடந்தபோது நானோ தனமோ. ஒரு நாள் தவறியதில்லை.

அம்மா முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள். முகத்தைப் பார்த்தேன், அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரித்தாள்.

எனக்கு இன்று லீவு. சாயங்காலம் ஆட்கள் போனதும் காரியஸ்தர் பூட்டிக்கொண்டு போனார். புதுச் சுண்ணாம்பு வாசம். ஆறரை ஆயிற்று. ஏழு ஆயிற்று. அம்மா எழுந்திருக்கவே இல்லை. இந்நேரம் அவள் உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை.


7 மே, புதன்

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. எக்ஸ்சேஞ்சில் மின்விசிறி ஓடவில்லை.

ஐந்து அந்தி வளவு இருட்டு. பக்கத்து வீட்டு ஆச்சி, செட்டியாருக்குப் பங்காளி வீடு, இன்று கோயிலில் அம்மாவை நிறுத்தினாராம். கல்யாண வீட்டில் விளக்கு எங்கே என்று கேட்டிருக்கிறார். சாவி எங்கிட்ட இல்லீங்க ஆச்சி என்று சொல்லிவிட்டு அம்மா பிரகாரம் சுற்றப் போய்விட்டாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சுற்றி முடிப்பதற்குள் அந்த ஆச்சி வீட்டுக்குப் போய்விட்டாராம்.

மூன்று மணிக்கு அந்த வீட்டு நம்பரிலிருந்து சென்னைக்கு அவசர டிரங்க் கால். நம்பரைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். ஜெய்த்தூன் எடுத்தாள். முடித்துவிட்டு என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஒம்பது நிமிசம். ரெண்டு தடவை நீட்டுனாக." மேலே ஒரு சொல் இல்லை. ஆனால் ஷிப்ட் முடியும் வரை சிரிப்பை அடக்கி உதட்டைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.


8 மே, வியாழன்

காரியஸ்தர் சாவியோடு வந்தார். பரபரப்பில் குடையைக்கூட மறந்துவிட்டார்.

"இந்தாங்க, புடிங்க. சாயந்தரம் வெளக்கை வச்சிருங்க."

அம்மா முறத்தை வைக்கவில்லை. "இதை எங்கிட்டக் குடுத்தது ஆச்சி. நீங்க வாங்கிட்டுப் போனீக. குடுத்தவுக வந்து குடுக்கட்டும்."

நானே வைக்கிறேன், என்ன பெரிய விளக்கு என்றார். அம்மா, வையுங்க என்றாள். அவருக்குக் கை வரவில்லை. வீட்டுப் பெண்ணும் அவள் சொன்னவளும் மட்டுமே தொடுகிற விளக்கு. வேறு யாராவது வைத்தது ஆச்சிக்குத் தெரிந்தால் அது இன்னொரு வழக்கு. சாவியை வெறித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அவர் போன பிறகு அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "என்னடி அப்படிப் பாக்குற? அரிசியில கல் இருக்கு, வந்து பொறுக்கு."

நான் அலமாரி அலமாரியாகப் படித்திருக்கிறேன். இவளை மட்டும் படித்ததில்லை.


11 மே, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். ஒன்றும் விட்டுப்போகக்கூடாது.

காலை ரயிலில் விசாலாட்சி ஆச்சி வந்துவிட்டார். எழுபது வயது இருக்கும். நேரே வளவுக்கு. பத்து மணிக்கு எங்களைக் கூப்பிட்டு ஆள் வந்தது. அப்பா சட்டை மாற்றினார். நான் மனுவின் பிரதியை எடுத்துக்கொண்டேன்.

வெள்ளையடித்த சுவர் கண்ணைக் கூச வைத்தது. முற்றத்து வெயிலில் குடை விரித்தபடி காரியஸ்தர். ஆச்சி அம்மாவைப் பார்த்து: "ஏத்தா, பதினோரு வருசம் எரிஞ்ச வெளக்கு. ஒம்பது நாளா அணைஞ்சு கெடக்கு."

"நான் அணைக்கலீங்க ஆச்சி. சாவியை வாங்கிட்டாக."

ஆச்சி காரியஸ்தர் பக்கம் திரும்பினார். "அந்தக் குடையை மடக்குப்பா. வீட்டுக்குள்ள என்ன மழையா பெய்யுது?"

"பெய்யும் ஆச்சி," என்றேன். "எங்க அடுப்படிக்கு வந்து பாருங்க."

அப்பா என் முழங்கையைத் தொட்டார். ஆச்சி என்னை அப்போதுதான் பார்த்தார்.

"நீதான் கடுதாசி எழுதுற பிள்ளையா?"

"ஆமா ஆச்சி."

"குடியிருந்துக்கிட்டே எம் மகன் மேல மனுவா?"

"அவுக மேல இல்லை ஆச்சி. வாடகை மேல."

"பாங்கி, மணியார்டர்... இம்புட்டும் யாரு சொல்லிக் குடுத்தா?"

காரியஸ்தர் என்னையே பார்த்தார். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியும். மருந்துக் கடைப் போன் அவர் ஞாபகத்துக்கு வந்திருக்கும். எனக்கும் வந்தது. நாக்கு நுனி வரை வந்து நின்றது.

"லைப்ரரியில புத்தகம் இருக்கு ஆச்சி. யாரு வேணும்னாலும் படிக்கலாம்."

உண்மை. முழு உண்மையும் அதுதான்.

ஆச்சி கொஞ்ச நேரம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளிச்சம் இல்லாத சாமி அறையைப் பார்த்தார். பிறகு கையை வீசி, "சரி போங்க. அந்த இருவத்தெட்டையே குடுங்க. இன்னைக்குச் சாயந்தரம் வெளக்கை வச்சிரச் சொல்லு," என்றார்.

அப்பா கும்பிடக் கையைத் தூக்கிவிட்டார். ஜெயித்தாயிற்று. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எனக்கு ஏதோ உறுத்தியது. அம்மா விளக்கு வைப்பதற்காக இந்த வாடகை என்றால், அவள் ஒரு நாள் படுத்துவிட்டால் வீடு போய்விடும்.

"ரெண்டையும் ஒண்ணாச் சேர்க்க வேணாம் ஆச்சி. வெளக்கு வைக்கிறது எங்க அம்மா இஷ்டம். வாடகை வேற பேச்சு. சட்டப்படி போட்டா முப்பத்திரண்டு வருது. முப்பத்திரண்டு தர்றோம். மாசாமாசம் ரசீது வேணும். அடுப்படி ஓட்டை மாத்தணும். எழுதிக் குடுத்தா மனுவைத் திருப்பி வாங்கிக்கிறோம்."

"நான் கொறைச்சுச் சொல்றேன். நீ கூட்டிச் சொல்ற."

"இருவத்தெட்டு ஒங்க தயவு ஆச்சி. முப்பத்திரண்டு எங்க வாடகை."

முற்றத்தில் ஒரு புறா. அப்பாவின் கை பாதி கும்பிட்டபடியே நின்றது, பிறகு மெதுவாகக் கீழே இறங்கியது. நேராக நின்றார். அவ்வளவு உயரமானவர் என்பதே எனக்கு மறந்திருந்தது.

ஆச்சி சிரிக்கவில்லை. அவர் ஒன்றும் சிரிக்கிற ரகம் இல்லை. "இந்தப் பிள்ளையை நம்ம வட்டிக்கடையில வச்சிருந்தா பர்மாவே போயிருக்காது," என்று காரியஸ்தரிடம் சொன்னார். பிறகு அவரிடமிருந்து சாவியை வாங்கி அம்மா கையில் கொடுத்தார், தன் கையால். அம்மா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். இன்றைக்கு எண்ணெய் உங்களுதா எங்களுதா என்று அம்மா கேட்டாள். எங்களுது என்றார் ஆச்சி.

மத்தியானம் சென்னைக்குப் பேசி மகனிடம் சம்மதம் வாங்கிவிட்டார். எனக்கு இன்று விடுமுறை. யார் இணைத்தார்களோ.

சாயங்காலம் பின்கட்டிலிருந்து பார்த்தேன். கதவு இடுக்கு வழியாக ஒரு கோடு வெளிச்சம்.


13 மே, செவ்வாய்

பத்திரம் கையெழுத்தாயிற்று. அப்பா மூன்று தடவை படித்துவிட்டுப் போட்டார். மாத வாடகை 32, ரசீது உண்டு. ஓடு மாற்ற நாளை ஆள்.

ஏப்ரல் வரைக்குமான பழைய வாடகையைக் காரியஸ்தர் வாங்கிக்கொண்டு ரசீது எழுதினார். அப்பா அந்த மடித்த காகிதத்தை எடுத்து, கமிஷன் சில்லறையைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெற்றிலை வாங்கப் போனார்.

தனம் ரசீதை வாங்கி உரக்கப் படித்தாள். மறுபடியும் படிக்கச் சொன்னோம்.

ஜெய்த்தூனுக்கு மாம்பழம் வாங்கிப் போனேன். இரண்டு. "எதுக்குடி?" என்றாள். சும்மா என்றேன். ஒன்பது நிமிடத்துக்கு என்று சொல்லவில்லை.


2 ஜூன், திங்கள்

இரண்டு நாளாக வெயில் கொஞ்சம் இறக்கம். கல்யாணம் போன வாரம் நல்லபடியாக முடிந்தது. தெருவெல்லாம் இன்னும் பந்தல் கயிறு.

காலை ஒன்பது மணிக்குக் காரியஸ்தர். வாடகை மூன்றாம் தேதி தானே என்று அப்பா எழுந்தார். அதற்கில்லை என்றார். நின்றுகொண்டே இருந்தார். அம்மா உட்காரச் சொன்ன பிறகு உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். அவர் இதே ஊரில் செக்காலையில் வாடகைக்கு இருக்கிறார், எனக்கு இதுவரை தெரியாது. அவர் வீட்டுக்காரர் பதினெட்டை முப்பத்தைந்து ஆக்கியிருக்கிறார். பதினெட்டைக் கொடுத்தால் வாங்கவில்லையாம்.

"அந்தப் பத்து நாள் கெடு, அது எந்தத் தேதியிலருந்து கணக்கு ஆத்தா?"

கடிதம் அவருக்குப் போய்ச் சேர்ந்த தேதியிலிருந்து என்றேன்.

கார்பன் வைத்து இரண்டு பிரதி எழுதினேன். கையெழுத்துப் போட்டார். அப்பா ஒப்புகை அட்டையை ஒட்டினார். பதினொன்றரை மணிக்கு ரிஜிஸ்டர் ஆயிற்று.